ஒரே சத்தத்தில் போட்டுக் காட்டுங்கள்: கண்டியில் வால்வு ப்ரீஆம்ப் வாங்கிய நாள்

கோபம் ஆறட்டும் என்று இதை எழுதாமல் நான்கு நாள் காத்திருந்தேன். ஆறவில்லை.

போன மாதம் என் காதைப் பரிசோதித்த டாக்டர், உயர்ந்த சுருதி ஒலிகள் எனக்கு மங்கி வருகின்றன, இன்னும் மங்கும் என்றார். இசைத்தட்டின் ஊசி எழுப்பும் மிக மெல்லிய ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்றபடி உயர்த்தித் தரும், பழைய ரேடியோ போலக் கண்ணாடி வால்வில் இயங்கும் ப்ரீஆம்ப் ஒன்று வாங்க இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட்டால் தேர்ந்தெடுக்கக் காது இருக்காது. செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

நாவலப்பிட்டியிலிருந்து கண்டி 38 கிலோமீட்டர். காலை 7.40 பஸ், 160 ரூபாய், 9.25க்கு இறங்கினேன். பதினைந்து நிமிட நடையில் கடை. பெயரைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அங்கே இரண்டு ப்ரீஆம்ப்கள் இருந்தன: ஒன்று 85,000, மற்றது 1,60,000. நான் கொண்டுபோன வீணை இசைத்தட்டைப் போட்டார் கடைக்காரர். நாற்பது வயதிருக்கும். என் காதைப் பற்றி அவரிடம் நானே உளறியிருந்தேன். விலை கூடியது உடனே நிறைவாகக் கேட்டது. ஆனால் என் போனில் சத்தத்தை அளக்கும் செயலி முதலாவதற்கு 71 டெசிபல் காட்டியது, இரண்டாவதற்கு 75. சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும்.

"தம்பி, ரெண்டையும் ஒரே சத்தத்துல போடுவீங்களா?"

"சத்தத்த கொறச்சா ஒங்களுக்கு என்னங்கய்யா கேக்கப் போகுது? வெல கூடினதயே எடுங்க, அதுதான் ஒங்க காதுக்கு எட்டும்."

அங்கிருந்த இருவர் சிரித்தார்கள். எனக்கு உடம்பு கொதித்தது. வாயோ "நல்லாருக்கு தம்பி" என்றது. தலையும் ஆடியது. அவர் பெட்டியில் போட ஆரம்பித்தார். "ஏடிஎம் போயிட்டு வர்றேன்" என்று பொய் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நாவலப்பிட்டி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: என் இசைத்தட்டு அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது.

திரும்பிப் போக ஆட்டோ, 250 ரூபாய். ஓட்டியவர் கண்டிக்குப் பக்கத்து மடவளைக்காரர்.

"சாமான மறந்துட்டீங்களா ஐயா?"

"மறக்கல. பயந்து ஓடி வந்துட்டேன்." நடந்ததைச் சொன்னேன்.

"காசு குடுக்கிறதும் நீங்க, பயப்படுறதும் நீங்களா? நல்ல யாவாரம்!"

கடைக்காரர் என்னைக் கண்டதும், "காசு வந்துச்சாங்கய்யா?" என்றார்.

"மொதல்ல ரெண்டையும் எழுபத்தொண்ணுல வைங்க." கதிரையில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தார். அந்த நிறைவு காணாமல் போனது. இரண்டு பாட்டுகளுக்கு இடையிலான மௌனத்தில் விலை கூடியது இரைந்தது. அந்த இரைச்சல் தாழ்ந்த சுருதி ஒலி. எனக்கு மங்குபவை உயர்ந்தவை.

"இரையுது தம்பி."

"எங்க இரையுது?"

முன்பு சிரித்தவர்களில் ஒருவர் ஸ்பீக்கரில் காதை வைத்தார். "ஆமாண்ணே, இரையத்தான் செய்யுது."

மின்சாரத்தின் பூமிக் கம்பியின் (எர்த்) குறையோ என்று எனக்கே சந்தேகம். அதே கம்பியில் மற்றதை இணைத்துப் போட்டோம். இரையவில்லை. அதையே எடுத்தேன்.

பில் எழுதும்போது, "ஐயாவுக்கு நல்ல காது" என்றார் கடைக்காரர். காலையில் அவர்கள் சிரித்ததைவிட அதுதான் அதிகம் சுட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு: உங்கள் இசைத்தட்டையே கொண்டுபோங்கள். வால்வு சூடேற ஐந்து நிமிடம் விடுங்கள். பாட்டுக்கு இடையிலான மௌனத்தையும் கேளுங்கள். மாற்று வால்வு கண்டியிலேயே கிடைக்குமா என்று விசாரியுங்கள். காதைப் பற்றி வாய் திறக்காதீர்கள். எதிர்த்துப் பேச வரவில்லையென்றால் தலையை ஆட்டாமலாவது இருங்கள். நான் ஆட்டினேன். ப்ரீஆம்ப் வீட்டில் அருமையாகப் பாடுகிறது; ஆட்டிய தலைமீது எனக்கு இன்னும் கோபம்.