லிஸ்பனில் காய்ச்சிய பறை

லிஸ்பனில் நான் பறை காய்ச்சுவது ஹேர் டிரையரால். தோலை விறைக்கவைக்க ஸ்டுடியோவுக்குள் தீ மூட்டக் கூடாதாம். பெண்பிள்ளை தலை காயவைப்பதுபோல் அதைத் தோல்மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிரே எட்சன் வயிறு குலுங்கச் சிரிப்பான். "சூடு போதுமா, சீப்பும் வேண்டுமா?" என்பான்.

எட்சன் பிரேசில்காரன். சல்வடோர் நகரத் தெருவிழாக்களில் மேளம் அடித்துத் தொடங்கியவன். ஓட்டல், கப்பல், கச்சேரி என்று சுற்றியவனை இன்று எந்த நாட்டுப் பாட்டுப் பதிவுக்கும் கூப்பிடுகிறார்கள். பெயர் மட்டும் எந்த இசைத்தட்டு அட்டையிலும் இருக்காது. சென்னையில் ஒரு விழாவில் என் அடியைக் கேட்டுவிட்டு என்னை இங்கே இழுத்து வந்தவனும் அவன்தான். இங்கே பதிவான ஒரு பாட்டில் நான் தனியாகப் பறை அடித்தது ஊர்க்காரர்கள் போன்வரை போய்விட்டது. அவன் ஊர் அடுக்குமாடிகளில் லிஃப்டே இரண்டு உண்டாம்: வீட்டுக்காரர்களுக்கு ஒன்று, வேலைக்காரர்களுக்கு ஒன்று. மேளத்தோடு போனால் எதில் ஏற்றுவார்கள் என்று நான் கேட்கவில்லை. திருச்சுழிப் பக்கத்துக்காரனுக்கு அது தெரியாதா என்ன?

எங்கள் ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒருவன் போய்ப் பறை அடித்தாக வேண்டும். அப்பா அடித்தார், நான் அடித்தேன். நான் கிளம்பி வந்ததும் தம்பி கண்ணன் தலையில் விழுந்தது. அவன் பந்தல்குடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சாவு என்றால் லோடைப் பாதியில் போட்டுவிட்டு ஓட வேண்டும். எப்படியாவது அவனை இதிலிருந்து விடுவித்துவிடலாம் என்றுதான் போன கோடையில் ஊருக்குப் போனேன். எட்சனும் கூட வந்தான்.

வெளிநாட்டுக்காரரைக் கூட்டி வரச் சொல்லிப் பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஆசையாகப் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு எட்சன் முன்னால் நடந்தான். அவனோ என்னைவிடக் கறுப்பு. பார்த்ததும் பெரிய வீட்டுக்காரர் கையை வீசினார்.

"ஏலே, மேளத்தோட வாசல்ல எங்க ஏறுற? கொல்லப் பக்கம் போ."

பாஷை புரியாமலே எட்சன் கொல்லைப் பக்கம் திரும்பினான். அந்தக் கையசைவு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

"ஐயா, நீங்க வரச் சொன்ன வெளிநாட்டுக்காரரு இவுகதான்" என்றேன்.

அடுத்த நிமிஷம் நாற்காலி வந்தது, வெள்ளி டம்ளரில் காப்பி வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. நின்றபடியே தம்பி விஷயத்தைச் சொன்னேன்.

"அவன் வரலேன்னா நீ வா. பிளேன்ல வாரவன்தான?" என்று சிரித்தார்.

என்ன சொல்கிறார் என்று எட்சன் கேட்டான். சொன்னேன். காப்பியைத் தொடாமல் எழுந்துவிட்டான். வீட்டில் காத்திருந்த கண்ணனிடம் நடந்ததைச் சொன்னபோது, "இனி நான் போமாட்டேண்ணே" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

போன வாரம் பெரிய வீட்டுக்காரரின் தாயார் செத்துப்போனார். கண்ணன் போகவில்லை. அங்கிருந்தும் ஆள் வரவில்லை. காலையில் கண்ணன் போனில் இதைச் சொன்னதும், விட்டது சனியன் என்று நான் எட்சனைக் கட்டிப் பிடித்துக் குதித்தேன். மத்தியானம் கண்ணன் மறுபடி கூப்பிட்டான். பின்னால் பறைச் சத்தம்.

"யாருலே அடிக்கிறது?"

"யாருமில்லண்ணே, ஸ்பீக்கரு. அந்தப் பாட்டுல நீ தனியா அடிச்சிருப்பேல்ல, அத மட்டும் வெட்டித் திருப்பித் திருப்பிப் போடுறாக. அண்ணங்காரனே வந்துட்டான், தம்பி எதுக்குன்னு சிரிக்கிறாக."

போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். பாவிகள், ஒரு அடி பிசகவில்லை. நான் லிஸ்பனில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பெரிய வீட்டுப் பிணத்துக்கு முன்னால் நான் அடித்துக்கொண்டே சுடுகாட்டுக்குப் போகிறேன்.