இன்னொரு சுற்று

என் வீட்டுக்காரருக்கு எதையும் இருக்கிற இடத்தில் இருக்கவிடத் தெரியாது. மின்விசிறியை இன்னொரு புள்ளி ஏற்றுவார். குழம்பில் உப்பு சரியாக இருந்தாலும் இன்னொரு சிட்டிகை போடுவார். வீட்டில் இந்தக் குணத்துக்கு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அவருடைய வண்டிப் பட்டறையிலோ அதுதான் பிழைப்பு. ‘டர்போ பிரஷர் ஏற்றித் தரப்படும்’ என்று ஷட்டரில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார். பிக்கப் ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இன்னொரு சுத்து’.

டர்போவை ஒட்டி ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதன் நட்டைத் திருகிக் கம்பியைக் குட்டையாக்கினால் எஞ்சினுக்குள் காற்று இன்னும் அழுத்தமாகப் போகும், வண்டி பாயும். திருகுவதற்கு முன்னால் நட்டின் பழைய இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்பார்.

நான் சலவைக்கடை நடத்துகிறேன். மேட்டுக்கு மேலே இருக்கும் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் வேலை என்னைத் தேடி வந்தது. திங்கட்கிழமை முதல் நடை. வெளுத்ததைக் காலை ஏழுக்குள் இறக்காவிட்டால் வேலை கைநழுவிப் போய்விடும். எங்கள் பழைய பிக்கப்போ பாரம் ஏற்றினால் அந்த மேட்டில் முக்கி முனகும்.

“ஏங்க, ஊர் வண்டிக்கெல்லாம் ஏத்துறீங்க. நம்ம வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?”

சனிக்கிழமை ஈரத்துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சோதித்துப் பார்க்கப் போனோம். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் மடியில் பிரஷர் மீட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒரு சுற்று திருகியதும் வண்டி ஒழுங்காக ஏறியது. இரண்டாவது சுற்றில் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இன்னொரு சுத்து?” என்று நானே கேட்டேன்.

அவர் மீட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முன்னாடி பாத்து ஓட்டு,” என்றார்.

திங்கட்கிழமை நான் கண்விழிக்கும் முன்பே மூட்டைகளை ஏற்றி முடித்திருந்தார்.

“இவ்ளோ சீக்கிரம் எதுக்குங்க?”

“கெளம்பு, டிராபிக் இருக்கும்.”

தனியாகக் கிளம்பினேன். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி பழையபடி முனகியது. செகண்ட் கியரிலேயே உருட்டினேன். எங்கிருந்தோ பின்னால் வந்து சேர்ந்த ஒரு லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் என் வீட்டுக்காரரைத் திட்டிய திட்டை எழுதினால் காகிதம் தாங்காது. ஆனாலும் ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் கதவைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். வேலை எனக்கே கிடைத்தது.

திரும்பி வந்ததும் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். நட்டு வெள்ளைப் பொட்டுக்கே திரும்பியிருந்தது.

“எறக்கிட்டீங்களா?”

“தெனமும் அந்த பாரத்தோட ஏறணும். என்னைக்காவது நடுமேட்டுல அழுத்தம் தாங்காம காத்து ஹோஸ் புடுங்கிக்கும், வண்டி நின்னுரும். பின்னாடி லாரி வரும். உள்ள நீ இருப்ப.”

பானெட்டை மெதுவாக மூடினேன். இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா?

“மத்த வண்டிக்குள்ளயும் யாராவது இருப்பாங்கல்ல?”

அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு பெயிண்ட் டப்பாவோடு ஷட்டர் பக்கம் போனார்.

இப்போது யாராவது வந்து இன்னொரு சுற்று கேட்டால், “அரை மணி நேரம் முன்னாடி கெளம்புங்க,” என்கிறார். பட்டப்பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. குழம்பில் உப்பும் குறையவில்லை.