ஊசியக்கா வண்டியின் சத்தம்

என் வண்டியின் சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டையானது எனக்குத் தெரியும் முன்பே மலையில் இருக்கும் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. நான் கிராம சுகாதார செவிலியர். ஊர்களில் எனக்கு ஊசியக்கா என்று பெயர். ஜமுனாமரத்தூரில் இருந்து கிளம்பினால், ஊருக்கு இரண்டு வளைவு இருக்கும்போதே 'டபடபடப' என்ற சத்தம் எனக்கு முன்னால் உள்ளே போய்விடும். நான் போய் இறங்கும்போது தெருவில் கோழிகள்தான் நிற்கும்.

அதிலும் ஐந்து வயதுக்காரி ஒருத்தி. பள்ளியில் சேரும் முன் போட வேண்டிய ஊசிக்கு மூன்று மாதமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை நான் வாசலில் நின்று கூப்பிட்டபோது, "நான் வூட்ல இல்ல!" என்று பலா மரத்தின் மேலிருந்து அவளே பதில் சொன்னாள். அவள் அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் இந்த வண்டியின் வாயை அடைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஆலங்காயம் போய்ப் புது சைலன்ஸர் வாங்கி வந்தேன். வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்றார் என் கணவர். "இன்னா பெரிய வேலை? மூணு நட்டுதான்."

அந்த மூன்று நட்டும் ஞாயிற்றுக்கிழமையை முழுசாக விழுங்கின. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டியில் தோல் உரிந்தது. "பொறுமையா திருப்பு" என்று அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னபோது ஸ்பானரை அவர் மேலேயே வீசத் தோன்றியது. ஒருவழியாகப் புதியதை மாட்டி உதைத்தால், அதே டபடப. இன்ஜினும் குழாயும் சேரும் இடத்தில் வைக்க வேண்டிய கேஸ்கெட் வளையம் அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

"தொலைஞ்சிடப் போவுதுன்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடியும் கழற்றி, வளையத்தை வைத்து மாட்டினோம். இந்த முறை வண்டி ஓடுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்த முறை ஊருக்குள் நுழைந்தபோது அவள் வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

ஓடுவதற்குள் அம்மா பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோனாள். ஊசியைப் போட்டேன். அவள் ஊரே திரும்பிப் பார்க்க அழுதாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அழுகைக்கு நடுவிலேயே, "தங்கச்சிக்கு எப்போ?" என்று கேட்டாள். அம்மாவின் இடுப்பில் இருந்த தங்கச்சிக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது; அந்த வயதுக்கும் ஒரு ஊசி உண்டு.

"அடுத்த மாசம் வர்றேன்" என்றேன். அழுதவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் உள்ளே உட்கார்ந்து தடுப்பூசி அட்டையில் எழுதினேன்.

திரும்பும் வழியில் வண்டிக்குப் பின்னால் கிணிங், கிணிங் என்றது. இறங்கிப் பார்த்தால், ஆட்டுக்குட்டியின் கழுத்து மணி. கிழிந்த பாவாடை நாடாவால் கேரியரில் கட்டியிருந்தது. ஊசி போட்ட கை வலிக்க வலிக்க மூன்று முடிச்சு போட்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். விரலால் மணியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.

அவிழ்க்க மனம் வரவில்லை. அடுத்த மாதம் ஊருக்கு முந்தைய வளைவில் நிறுத்தி, மணியின் நாக்கைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு அடைத்துவிட்டால் போதும். பஞ்சு என்னிடம் நிறைய இருக்கிறது.