பச்சைக்கு நடுவே நாலு புள்ளி

கிருமி வளர்ந்த தட்டைத் தலைகீழாகப் பிடித்து, ஜன்னல் பக்கம் சாய்த்து, முதலில் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். பிறகு வலது கண்ணை. மூடியைத் திறப்பது அதற்கப்புறம்தான். ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக இதே கிரமம். மற்றவர்கள் பத்துத் தட்டு பார்க்கிற நேரத்தில் இவர் ஆறுதான் பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் 'சந்தேக மேடம்' என்கிறார்கள். அது அவருக்கும் தெரியும். "நம்பிக்கை மேடம்னு வெச்சிருந்தாதான் பயப்படணும்" என்பார்.

சளியோ ரத்தமோ சீழோ, வந்ததில் முளைப்பது என்ன கிருமி என்று சொல்வது அவர் வேலை. ஈஸ்ட் வகைப் பூஞ்சைகளில் கை தேர்ந்தவர். புத்தகப் பெயரெல்லாம் ரிப்போர்ட்டுக்குத்தான். கிருமிக்கொரு நிறம் காட்டும் சாயத் தட்டில் பச்சையாக வளர்வது அவருக்கு 'மூத்தவ'. வெளிறிய ஊதாவில் கடுகளவு நிற்பது 'இளையவ'. "ரெண்டும் ஓரகத்திங்க. தனித்தனியா இருந்தா சமாளிச்சிடலாம். ஒரே அடுப்படியில விட்டா வீடு தாங்காது." வீட்டிலும் இதே பேச்சுதான். "சாப்பிடுற நேரத்துல அதுங்களைக் கூப்பிடாதே" என்று கணவர் தட்டோடு எழுந்து கூடத்துக்குப் போய்விடுவார்.

சென்ற மாதம், வயிற்றில் அறுவை செய்த ஒருவரின் வயிற்றுக் குழாயில் வடிந்த நீர் வந்தது. ஒன்பது நாளாகக் காய்ச்சல். முதல் பரிசோதனையில் பச்சை மட்டும்தான் என்று எழுதியிருந்தார்கள். அதற்கான மருந்தும் ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாகப் போக்குக் காட்டியது. இப்போதைய தட்டிலும் பச்சைதான். அதன் நடுவே ஊதாவில் நாலு புள்ளி.

துறைத் தலைவர் எட்டிப் பார்த்தார். "தூசும்மா. பழைய ரிப்போர்ட்டையே போட்டு அனுப்புங்க."

இவர் அனுப்பவில்லை. இரண்டையும் பிரித்து, தனித்தனியே வளர வேறு தட்டுகளில் இழுத்து வைத்தார். முளைக்க இன்னும் ஒரு நாளாகும். தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் போனில் பொரிந்து தள்ளினார்.

"ஒரு பேரைச் சொல்லுங்க மேடம். இங்க ஆளு இழுத்துக்கிட்டு இருக்காரு."

"ஒரு பேரு இல்ல டாக்டர். ரெண்டு இருக்குன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

போனை வைத்தார். அதற்குள் ஆள் போய்விட்டால் பழி யார் தலையில் விழும் என்பது தெரியாதவரல்ல. மிச்சமிருந்த குழாய் நீரைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போனார்கள், இவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது சில்லில் அகப்பட்டது. நீள நீளமாய் இழை விட்டிருந்தாள் மூத்தவள். அந்த இழைகளில் பொடிப்பொடி உருண்டைகளாய் ஒட்டிக்கொண்டிருந்தாள் இளையவள். சதையைத் துளைக்க அவளுக்குத் தனியாகத் துப்பில்லை. மூத்தவள் துளைத்த வழியில் உள்ளே போய்விடுவாள். போதாக்குறைக்கு, மூத்தவளை அடக்குகிற மருந்து இவளை லேசில் அசைக்காது.

தலைவரைக் கூட்டிவந்து தன் நாற்காலியில் உட்கார வைத்தார். "தூசுன்னா இப்படிக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்காது சார்."

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு தாமே போனை எடுத்தார். "ரெண்டு இருக்கு டாக்டர். மருந்தை மாத்துங்க."

மறுநாள் தட்டுகள் இரண்டும் அதையே சொல்லின. ஐந்தாம் நாள் காய்ச்சல் நின்றது. ரிப்போர்ட்டில் இருந்தது தலைவரின் கையெழுத்து மட்டும்தான்.

போன வாரம், மாதிரி வாங்குகிற ஜன்னலில் ஒரு பெண்மணி புட்டியை நீட்டினார். வீடு திரும்பிவிட்ட கணவருக்கு மறுபரிசோதனையாம். சீட்டில் அதே நோயாளியின் பெயர்.

"போன தடவை ரிப்போர்ட்டை ஒரு நாள் லேட் பண்ணிட்டீங்க. எங்க உசுரே போயிடுச்சு. இந்தத் தடவையாவது சீக்கிரம் பாருங்க."

"ஆமாம்மா, லேட்டாயிடுச்சு" என்றார் சந்தேக மேடம். புட்டியை வாங்கி, மூடியை இன்னொரு சுற்று இறுக்கினார். பிறகு, காத்திருந்த ஆறு புட்டிகளையும் ஒதுக்கி, அதை முதலில் வைத்தார்.