சொன்னபடி நட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை பாறசாலையில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து லீலாபாய் அவர்களின் தங்கை கமலம் கூப்பிட்டார். "அக்கா போயிட்டா, கேட்டியளா. மத்தியானம் எடுத்திருவோம்." உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி நடந்து போனபோது, வீட்டு முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் அம்பூரி, வெள்ளறடை மலைப்பக்கத்து விவசாயிகள். உடன் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

லீலாபாய் அவர்கள் பயிர் விஞ்ஞானி. மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கின் புதிய இனங்களை விவசாயிகளின் நிலத்தில் நட்டுப் பார்த்து, பரிந்துரைக்கலாமா என்று முடிவு சொல்லும் ஒரு குழுவில் இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு இனத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். நல்ல விளைச்சல் என்றார் குழுத் தலைவர். நான் வெளியே வந்ததும் லீலாபாய் அவர்கள் பின்னாலேயே வந்து, "அம்பூரிக்கு வாறியளா? அங்க கதை வேற" என்றார்.

அம்பூரியில் ஞானமுத்து என்பவரின் சரிவு நிலத்தில் கிழங்கு முழுக்க அழுகிக் கிடந்தது. அந்த நிலம் கணக்கில் சேரவில்லை. குழு சொன்னபடி விவசாயி செய்யவில்லை என்று நீக்கியிருந்தார்கள்.

"நட்டது, எரு போட்டது எல்லாம் சொன்னது போலதான். பின்ன என்னத்துக்கு என்னைக் கள்ளனாக்குதாவ?" என்று கேட்டார் ஞானமுத்து.

யாரும் பொய் எழுதவில்லை. இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. நல்ல இனம் தோற்றால் தவறு விவசாயியுடையது என்பது அவர்களுக்குள் பேசவே தேவைப்படாத விஷயமாக இருந்தது.

லீலாபாய் அவர்கள் அதைப் பேசினார். நெய்யாற்றின்கரையில் நடந்த கூட்டத்தில் நானும் பின்வரிசையில் இருந்தேன்.

"சொன்னபடி செய்யல்லன்னு ஆரு பாத்தா, சார்?"

"கிழங்கு அழுகியிருக்கே, லீலா."

"அழுகினதுனால செய்யல்லன்னு சொல்லுதிய. செய்யாததுனால அழுகிச்சுன்னும் சொல்லுதிய. இப்பிடியே சுத்தினா நம்ம இனம் எந்தக் காலத்திலயும் தோக்காது."

சிரித்தார்கள். சாயா வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அடுத்த பருவத்தில் ஞானமுத்துவின் நிலத்திலேயே ஒரு பாத்தியைக் கேட்டு வாங்கி, லீலாபாய் அவர்களே நட்டார். விடுமுறை நாட்களில் பஸ் ஏறிப் போய் எருவிட்டு, களை பறித்தார். எழுதியிருந்தபடி எல்லாம் செய்தார். கிழங்கு அழுகியது. அடியில் பாறை, மழைத்தண்ணீர் வடியவில்லை என்பது அவருடைய கணிப்பு.

அழுகிய கிழங்கைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்க் கூட்டத்தில் வைத்தார்.

"லீலா மண்வெட்டி பிடிச்சு எத்தனை காலமாச்சு? மறந்திருக்கும்" என்றார் தலைவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பாத்தியும் கணக்கிலிருந்து போயிற்று. இனம் மலைப்பகுதிக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

திரும்பி வரும் வழியில் என்னிடம், "எனக்க பாத்தியையும் வெட்டிட்டானுவ. இப்ப நானும் கள்ளியாக்கும்" என்றார். அதன் பிறகு கூட்டங்களில் அதிகம் பேசியதில்லை. மலைப்பக்கம் போவதை மட்டும் விடவில்லை. புதிய இனத்தின் நடவுக் கம்பு கேட்டு வந்தவர்களிடம், "தண்ணி வடியாத இடத்துல இதை நடாதீங்க" என்று ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். அது பலருடைய கிழங்கைக் காப்பாற்றியது. எந்தக் கணக்கிலும் அது வராது.

நோயில் விழுந்தபோது மருந்து அவருக்குப் பலன் தரவில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போயிருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் சோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்குப் போனார். தங்கை கமலம் காலியான மாத்திரை அட்டைகளைப் பையிலிருந்து அள்ளி எடுத்து, அவர் பின்னால் போகப் பார்த்தார்.

லீலாபாய் அவர்கள் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு மக்கா. அவரு எங்க கூட்டத்துல உள்ள ஆளாக்கும்." சிரிக்க முயன்றார். இருமல்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை உடலை எடுக்கும் முன் கமலம் தலைமாட்டை ஒழுங்கு செய்தார். அந்த அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு அங்கேயே இருந்தன. ஒன்றிலும் மாத்திரை மிச்சமில்லை. ஞானமுத்து அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

லீலாபாய் அவர்கள் மருந்தைச் சொன்னபடிதான் சாப்பிட்டார். மரச்சீனியையும் சொன்னபடிதான் நட்டார். இங்கேயாவது அது பதிவாகட்டும். போய் வாருங்கள், அக்கா.