சிரிலும் இரண்டு பாஷைப் பெட்டியும்

எந்தப் பழுதைப் பார்க்கும் முன்னும் சிரில் தன் புறங்கையைக் கணினிகளை இணைக்கும் சுவிட்சுப் பெட்டியின் மேல் வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரர் நெற்றியில் வைப்பதுபோல. "சூடு இல்ல, பொழைச்சிக்கும்" என்பார், யாரும் கேட்காமலே. கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து, பெங்களூர் ஆடுகோடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவர். சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் குத்தியிருக்கும், சாப்பிடும்போதும் எடுக்கமாட்டார்.

இரண்டாயிரம் பிறந்தால் கணினிகள் குழம்பும் என்ற ஒய்2கே பயம் ஓய்ந்த மறு வருஷம் அது. ஆஸ்பத்திரியின் பழைய நிரல்கள் ஐ.பி.எக்ஸ். பாஷையிலும் புதியவை ஐ.பி.யிலும் பேசின. வார்டுக் கணினிகளுக்கோ இரண்டும் வேண்டும். எல்லாம் ஒரே சுவிட்சில் ஒரே இரைச்சல்.

"பாஷை வாரியா பெட்டிக்குள்ளயே ரூம் பிரிச்சிடறேன் சிஸ்டர். வார்டு வேலை ஒரு நிமிஷம் நிக்காது" என்று அறுவை வார்டின் பொறுப்பு நர்ஸ் ஞானம்மாளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் ஸ்டூல் போட்டு லேப்டாப்போடு உட்கார்ந்தார். அறைகள் பிரிந்தன. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள் பறந்து வந்தன. டீ சொன்னார்.

டீ வருவதற்குள் ரிப்போர்ட் வருவது நின்றுவிட்டது.

"இன்னா சிரிலு, ரூமுக்குப் பூட்டும் போட்டுட்டியா? குடல்வால் கேஸ் ஒண்ணு தியேட்டருக்குப் போவணும். ரிப்போர்ட் பார்க்காம டாக்டர் கத்தியத் தொடமாட்டாரு. லேப் பிரிண்டரும் செத்துக் கெடக்குது."

"ஸ்வல்ப பொறுங்க சிஸ்டர்."

"நான் பொறுப்பேன். அந்தப் பொண்ணு வயிறு பொறுக்குமா?"

சிரில் திரையை மேலும் கீழும் உருட்டினார். பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார். ஒரு கணினி மற்றொன்றோடு பேசுமுன், 'இந்த விலாசம் யாருடையது?' என்று கூவிக் கேட்கும். அந்தக் கூவலுக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். அவர் ஐ.பி.யை மட்டும் அறைக்குள் சேர்த்துவிட்டு, கூவலை விட்டுவிட்டார். அது மிச்சம்மீதிக்கென்று ஒதுக்கிய அறைக்குப் போனது. லேப் சர்வர் அங்கே இல்லை. பழைய விலாசம் ஞாபகம் இருந்தவரை வார்டுக் கணினிகளும் லேப் சர்வரும் பேசின, மறந்ததும் ஊமையாகிவிட்டன.

"தப்பு என்னுதுதான் சிஸ்டர். பெட்டியத் திட்டாதீங்க."

"பெட்டிய யாருப்பா திட்டினது?"

கூவலையும் ஐ.பி. அறைக்குள் விடும் ஒரே ஒரு வரி சேர்த்தார். வார்டிலிருந்து "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று குரல். நன்றி சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஞானம்மாள் அதற்குள் அந்தப் பெண் படுத்திருந்த டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். தாழ்வாரத்தின் குறுக்கே லேப்டாப்பின் மின்வயர் கிடந்தது. சிரில் ஸ்டூல் மேல் தாவி ஏறி, டிரிப் பாட்டில் தட்டாமல் கடக்கும்வரை, வயரை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.