டென்மார்க்குக்காரியும் எங்கள் வீட்டுப் பாஷையும்

தமிழ்-மலையாள எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் நான் பல்கலைக்கழக ஆபீசில் குமாஸ்தா. வெளிநாட்டிலிருந்து டாக்டர் பட்டத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போலீஸ் பதிவு, தங்க இடம், வயிற்றுப்போக்குக்குக் கஷாயம் எல்லாம் நான்தான். அதைவிடப் பெரிய பாடு அவர்களுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்களின், அதாவது கைடுகளின், கோபத்தைத் தாங்குவது. மாணவர் ஊருக்குப் புதிது, கைடு உலகத்துக்கே புதிது. இருவரையும் கட்டி மேய்க்க வேண்டும்.

அந்த வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். எல்லையோரத்து வீடுகளில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று ஆராய்ச்சி. நான் பாறசாலைக்காரன் என்பதால் மொழிபெயர்க்க என்னையே அனுப்பினார்கள். கள்ளன் கையில் சாவி கொடுத்த கதைதான். ஊர் தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று வாராவாரம் ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.

அவள் எங்கள் ஊருக்கு வருவதற்கு முந்தின ஞாயிறே எங்கள் சர்ச் உபதேசியாரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தேன். ஆராதனை முடிந்ததும் அவர், கல்யாண அறிவிப்புக்கும் உபவாச ஜெபத்துக்கும் நடுவில் இதையும் செருகினார்: வெள்ளைக்காரி வந்து கேட்டால் வீட்டில் தமிழ் மட்டும்தான் என்று சொல்ல வேண்டும். சபை மொத்தமும் ஆமென் சொன்னது.

பிறகென்ன, போன வீட்டிலெல்லாம் மலையாளத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது என்றார்கள். நெய்யாற்றின்கரைச் சந்தையில் தினமும் மலையாளத்தில் பேரம் பேசி மீன் விற்கும் எங்கள் பக்கத்து வீட்டுக்காரிகூட, "அது எந்த நாட்டுப் பாஷை மக்கா?" என்று என்னையே கேட்டாள். டென்மார்க்குக்காரி நோட்டு நிறைய எழுதிக்கொண்டாள்.

அவளுடைய கைடு மலையாளி, அறிவாளி, முன்கோபி. நோட்டைப் படித்துவிட்டு நம்பாமல் தானே பார்க்கக் கிளம்பிவிட்டார். எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. விருந்தாளி எந்தப் பாஷையில் கேட்கிறாரோ அதில்தான் பதில் சொல்வோம். வேட்டி மடிப்புக் கலையாமல் வந்திறங்கியவர் மலையாளத்தில் நலம் விசாரித்ததும், அதே வீடுகள் மடை திறந்ததுபோல மலையாளம் பேசின. மீன்காரி ஒருபடி மேலே போய், மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் வைத்துக் கொடுத்து, தன் வீட்டில் பேசுவது மலையாளம்தான் என்றாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. உபதேசியார் வெள்ளைக்காரியைப் பற்றித்தானே அறிவித்தார், கைடைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!

மறுநாள் கைடு அவள் நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தார். மாணவி இஷ்டத்துக்கு எழுதிவைத்திருக்கிறாள், கப்பல் ஏற வேண்டியதுதான் என்றார். அவள் அழவில்லை. நோட்டை மடியில் வைத்து அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போராட்டமாவது மண்ணாங்கட்டியாவது, ஒரு பெண்ணின் படிப்பையல்லவா கெடுத்துவிட்டேன்! எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

வேலை போனது என்றே நினைத்தேன். கைடு என்னைத் திட்டிய திட்டில் இரண்டு பாஷையும் தாராளமாக இருந்தன. மூச்சு வாங்கியபின் அவளிடம், ஒரு வீட்டிலாவது உண்மையை வாங்கிக்கொண்டு வா, பிறகு கையெழுத்தைப் பார்க்கலாம், இவன் வீட்டிலேயே தொடங்கு என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மோப்பம் பிடித்து உபதேசியாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மீன்காரி வேலியோரம் நின்றாள். என் மனைவி நெய்யாற்றின்கரைக்காரி, மலையாளம் பேசி வளர்ந்தவள், அடுக்களையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் ஊர்வலத்தில் எனக்கு இடமில்லை. சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணுக்குக் கப்பல். அவள் பேனாவைத் திறந்தாள்.

"ரெண்டும் உண்டு," என்றேன். "ஜெபம் தமிழில. சண்டை மலையாளத்தில ஆக்கும்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் தலை மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, மீன்காரி வேலியைத் தாண்டி வந்தாள்.

"எலே, எனக்க வீட்டையும் மாத்தி எழுதச் சொல்லு. ரெண்டு பேருகிட்டயும் பொய் சொல்லீட்டு எனக்கு ஒறக்கம் இல்ல."

நான் மொழிபெயர்த்தேன். டென்மார்க்குக்காரி நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு வரியாக அடிக்கத் தொடங்கினாள்.